கிறிஸ்தவ ஓவியங்கள்ல வர்ற யூதச் சடங்குகளை எவ்ளோ தூரம் நம்பலாம்?

கேள்வி ரெண்டு பகுதியா இருக்கு. 15ஆம் நூற்றாண்டு ஓவியர் டிர்க் போட்ஸ் வரைஞ்ச பாஸ்கா (எகிப்து அடிமைத்தனத்துல இருந்து விடுதலை ஆனதை யூதர்கள் கொண்டாடற திருவிழா) விருந்து பெயின்டிங்ல ஒரு யூதக் குடும்பம் கையில கம்பு பிடிச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுதே, யூதர்கள் நிஜமாவே அப்படித்தான் பாஸ்கா கொண்டாடினாங்களா? ரெண்டாவது, குழந்தை இயேசுவுக்கு விருத்தசேதனம் (ஆண் குழந்தைக்கு நுனித்தோலை வெட்டற யூதச் சடங்கு) பண்ற படங்கள்ல பிஷப் மாதிரி தொப்பி வச்ச ஒருத்தர் கத்தியோட நிக்கறாரே, அவரு எங்கிருந்து வந்தாரு?

சுருக்கமா சொன்னா, அந்தப் படங்கள்ல இருக்கறது பைபிள்ல எழுதியிருக்கற சடங்கு, அதுவும் அன்னைக்கு சர்ச் அதைப் புரிஞ்சுக்கிட்ட விதத்துல. பக்கத்துத் தெரு யூதர் வீட்ல நடந்த சடங்கு இல்ல. நிறைய ஊர்ல பக்கத்துத் தெருவுல யூதரே கிடையாது, ஏன்னா அவங்களைக் கொன்னோ விரட்டியோ ரொம்ப வருஷம் ஆயிருந்துச்சு. இது தெரியாம இந்தப் படங்களைப் பார்த்தா பாதிதான் தெரியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல போட்ஸ். பெல்ஜியத்துல லூவன் ஊர்ல புனித பேதுரு கோவில் இருக்கு, அங்க நற்கருணை (பூசையில இயேசுவோட உடலா மாறுதுன்னு கத்தோலிக்கர் நம்பற அப்பம்) சபைன்னு ஒரு பக்தசபை, அவங்கதான் இந்தப் பீட ஓவியத்துக்கு ஆர்டர் குடுத்தது. ஒப்பந்தம் 1464 மார்ச் 15ல போட்டாங்க, அந்தப் பத்திரம் இன்னைக்கும் படிக்கக் கிடைக்குது. அதுல ஒரு விஷயம் நம்ம கேள்விக்கு நேரடியா பதில் சொல்லுது: என்ன வரையணும், எப்படி வரையணும்னு முடிவு பண்றதுக்கு லூவன் யுனிவர்சிட்டி இறையியல் பேராசிரியர்கள் ரெண்டு பேர்கிட்ட ஓவியர் கேட்டுக்கணும்னு போட்டிருக்கு. இது முடியற வரைக்கும் வேற வேலை எடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. 1468ல வேலை முடிஞ்சுது. நடுப்பலகையில கடைசி இராவுணவு, ரெண்டு பக்கமும் கதவு மாதிரி மூடற பலகைகள்ல நாலு பழைய ஏற்பாட்டுக் காட்சி. ஆபிரகாமுக்கு மெல்கிசேதேக்கு அப்பமும் ரசமும் குடுக்கறது, பாலைவனத்துல மன்னா பொறுக்கறது, எலியாவை தேவதூதன் எழுப்பி சாப்பிடச் சொல்றது, அப்புறம் நம்ம பாஸ்கா விருந்து. நாலுமே சாப்பாடு சம்பந்தப்பட்டது, நாலுமே நற்கருணைக்கு முன்னடையாளம்னு சர்ச் சொல்லிக்குடுத்த காட்சிகள். இந்த மாதிரி பழைய ஏற்பாட்டுக் காட்சியை புதிய ஏற்பாட்டுக் காட்சியோட ஜோடி சேர்க்கறது போட்ஸ் கண்டுபிடிச்சது இல்ல. வியன்னா பக்கத்துல குளோஸ்டர்நியூபர்க் மடத்துல 1181லயே வெர்தூன் ஊர் நிக்கோலஸ் பண்ண எனாமல் பலகைகள்ல, இயேசுவோட விருத்தசேதனத்துக்கு மேலயும் கீழயும் ஈசாக்கோடதையும் சிம்சோனோடதையும் வச்சிருக்காங்க.

இப்ப போட்ஸோட பாஸ்கா பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்க. பளிச்சுனு வெள்ளைத் துணி விரிச்ச மேசை, சுத்தி குடும்பம் நிக்குது, யாரும் உக்காரல. கால்ல செருப்பு, கையில கம்பு, பயணத்துக்குக் கிளம்பற கோலம். நடுவுல தட்டுல ஒரு முழு ஆடு, வெட்டாம அப்படியே சுட்டு வச்சிருக்கு. புளிப்பில்லாத அப்பம் இருக்கு, கீரை இருக்கு. இப்ப யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தைத் திறங்க (கத்தோலிக்க பைபிள்ல விடுதலைப் பயணம்). இடுப்பைக் கட்டிக்கிட்டு, கால்ல செருப்பு போட்டுக்கிட்டு, கையில கோல் பிடிச்சுக்கிட்டு அவசர அவசரமா சாப்பிடணும், ஆட்டைத் தலை கால் எல்லாத்தோடயும் நெருப்புல சுடணும், ஒரு எலும்பையும் முறிக்கக் கூடாது, புளிப்பில்லாத அப்பத்தோடயும் கசப்பான கீரையோடயும் சாப்பிடணும். ஓவியர் வரிக்கு வரி அப்படியே வரைஞ்சிருக்காரு. அந்தக் கீரை கூட புத்தகத்துல இருந்துதான், ஏன்னா அவங்க படிச்ச லத்தீன் பைபிள்ல அந்த இடத்துல காட்டு லெட்யூஸ்னே போட்டிருக்கு.

சரி, யூதர்கள் இப்படித்தான் பண்ணாங்களா? இல்லவே இல்ல. கம்பும் செருப்பும் அவசரமும் எகிப்துல அந்த ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும்தான்னு யூத மரபு தெளிவா பிரிச்சு வச்சிருக்கு. கிட்டத்தட்ட கி.பி. 200 வாக்குல தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னாவுல பெசாகிம்னு பாஸ்காவுக்கே ஒரு பகுதி இருக்கு, அதுல எகிப்து பாஸ்கா வேற, அதுக்கப்புறம் தலைமுறை தலைமுறையா கொண்டாடற பாஸ்கா வேறன்னு எழுதியிருக்கு. அதே பகுதியோட பத்தாவது அதிகாரம் வீட்ல நடக்கற விருந்தோட முறையைச் சொல்லுது, அதுல நாலு கோப்பை ரசம் உண்டு, பிள்ளை கேள்வி கேக்க அப்பா கதை சொல்றது உண்டு, ஏழையா இருந்தாலும் சாஞ்சுக்கிட்டுதான் சாப்பிடணும்னு இருக்கு. அடிமைதான் நின்னுக்கிட்டு சாப்பிடுவான், நாம விடுதலை ஆனவங்க, அதனால சாயறோம், இதுதான் அதோட அர்த்தம். ஆக போட்ஸோட குடும்பம் நிக்குது, அதே 1460கள்ல ஜெர்மனியிலயோ இத்தாலியிலயோ ஒரு நிஜ யூத வீட்ல அந்த ராத்திரி தலையணையில சாஞ்சு உக்காந்திருப்பாங்க.

ஆடும் அப்படித்தான். கி.பி. 70ல ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடிச்சதோட பாஸ்கா ஆட்டுப் பலி நின்னு போச்சு, ஏன்னா அந்தப் பலியை ஆலயத்துல மட்டும்தான் குடுக்க முடியும். அதுக்கு ஞாபகமா செடர் (பாஸ்கா ராத்திரி வீட்டு விருந்து) மேசையில ஒரு சுட்ட எலும்பு வைப்பாங்க, அவ்ளோதான். பலி மாதிரி தோணிடக் கூடாதுன்னு அந்த ராத்திரி சுட்ட இறைச்சியே சாப்பிடாத வழக்கம் ஜெர்மனி பக்கத்து யூதர்கள்கிட்ட உண்டு. அதாவது போட்ஸ் மேசைக்கு நடுவுல எதை வச்சாரோ அதை ஒரு யூத வீட்ல வேணும்னே தவிர்த்திருப்பாங்க. ஆனா போட்ஸுக்கு அந்த முழு ஆடு கட்டாயம் வேணும், ஏன்னா "அவர் எலும்பு ஒன்றும் முறிக்கப்படுவதில்லை"ன்னு யோவான் நற்செய்தி சிலுவையில தொங்கற இயேசுவுக்கு அந்த வசனத்தைத்தான் பொருத்துது. நடுப்பலகையில இயேசு ரசக்கிண்ணத்துக்கு மேல மெல்லிசா வட்டமா ஒரு அப்பம் பிடிச்சு ஆசீர்வதிக்கறாரு, பூசையில சாமியார் பிடிக்கற அதே நற்கருணை அப்பம். பக்கத்துப் பலகையில ஆடு, நடுவுல அப்பம், அந்த ஜோடிதான் முழு படத்தோட விஷயமும்.

இதையெல்லாம் போட்ஸ் ஒரு யூதரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கலாமேன்னு தோணும். யாரைக் கேக்கறது? லூவன் பிரபாந்து கோமகன் ஆட்சியில இருந்த ஊர். 1370ல பிரஸ்ஸல்ஸ்ல யூதர்கள் நற்கருணை அப்பத்தைத் திருடி கத்தியால குத்தினாங்க, ரத்தம் வந்துச்சுன்னு ஒரு பொய்க் குற்றச்சாட்டு கிளம்பி, பிடிச்சவங்களை நெருப்புல எரிச்சு மிச்சம் இருந்தவங்களை நாட்டை விட்டே விரட்டிட்டாங்க. போட்ஸ் பிரஷ் எடுத்தப்போ அது நடந்து கிட்டத்தட்ட நூறு வருஷம். யூதர்களோட புனிதமான ராத்திரியை இவ்ளோ அழகா, இவ்ளோ மரியாதையா வரைஞ்ச படம், யூதர்களை நற்கருணை பேரைச் சொல்லியே துடைச்சு எடுத்த மண்ணுல, நற்கருணை சபைக்காக வரைஞ்சது. இதைச் சொல்லாம இந்தப் படத்தை வெறும் அழகா மட்டும் பாராட்டிட்டுப் போறது எனக்கு சரியா படல.

இத்தாலியில அதே வருஷங்கள்ல என்ன நடந்துச்சுன்னு பார்த்தா இன்னும் தெளிவா புரியும். உர்பினோவுலயும் ஒரு நற்கருணை சபை, அவங்களும் ஒரு பீட ஓவியத்துக்கு ஆர்டர் குடுத்தாங்க, அதோட அடிப்பலகையை பாவ்லோ உச்செல்லோ 1467-68ல வரைஞ்சாரு. வரிசையா ஆறு காட்சி. ஒரு பொம்பளை அடகுக்கடை யூதர்கிட்ட நற்கருணை அப்பத்தை விக்கறா, அவரு அதை அடுப்புல போட்டு வறுக்க, ரத்தம் கதவுக்கு அடியில தெருவுக்கு ஓடுது, வீரர்கள் கதவை உடைக்கறாங்க, அஞ்சாவது காட்சியில அந்த மனுஷனையும் பொண்டாட்டி பிள்ளைகளையும் சேர்த்து எரிக்கறாங்க. ரெண்டாவது காட்சியில சுவர் ஓரமா பயந்து ஒட்டி நிக்கற அந்தக் குடும்பத்தைப் பாருங்க, பிள்ளைங்க அழறாங்க. போட்ஸும் உச்செல்லோவும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்துக்காக வேலை பார்த்தவங்க. பைபிள் காலத்து யூதருக்கு பீடத்துல இடம் உண்டு, சமகாலத்து யூதருக்கு நெருப்பு. பதினஞ்சாம் நூற்றாண்டு சர்ச் கலையில யூதச் சடங்கு வந்தாலே இந்தப் பிரிவினை எங்கயோ இருக்கும்.

இப்ப ரெண்டாவது கேள்வி, விருத்தசேதனம். லூக்கா நற்செய்தியில இதுக்கு ஒரே ஒரு வசனம், 2:21. எட்டாம் நாள் வந்தப்போ விருத்தசேதனம் பண்ணி இயேசுன்னு பேர் வச்சாங்க, அவ்ளோதான். எந்த இடம், யார் பண்ணாங்க, ஒண்ணும் சொல்லல. அடுத்த வசனத்துலயே குழந்தையை எருசலேமுக்குக் கொண்டுபோய் ஆலயத்துல காணிக்கையா குடுக்கற கதை ஆரம்பிக்குது, அது நாப்பதாம் நாள். ஓவியர்கள் இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டாங்க. அதனாலதான் வீட்ல நடக்க வேண்டியது ஆலயத்துல நடக்குது, பக்கத்துல அந்தக் காணிக்கைக் கதையில வர்ற சிமியோன் மாதிரி தாடிக் கிழவரும் அன்னாள் மாதிரி வயசான அம்மாவும் நிக்கறாங்க. யூதச் சட்டப்படி இது நடக்கவே முடியாத காட்சி. லேவியராகமம் 12ல ஆண் குழந்தை பெத்த அம்மாவுக்கு ஏழு நாளும் அதுக்கு மேல 33 நாளும் தீட்டு, அது கழியற வரைக்கும் ஆலயத்துக்குள்ள வரக் கூடாதுன்னு இருக்கு. அந்த நாப்பது நாள் கணக்குதான் கிறிஸ்மஸ்ல இருந்து எண்ணி பிப்ரவரி 2ல வர்ற காணிக்கைத் திருவிழா, நம்ம ஊர் கத்தோலிக்கக் கோவில்கள்லயும் அன்னைக்கு மெழுகுதிரி மந்திரிச்சுக் குடுப்பாங்க. பழைய காணிக்கைப் படங்கள்ல கூட நிக்கறவங்க கையில மெழுகுதிரி இருக்கறதுக்கும் இந்த வழிபாடுதான் காரணம், எருசலேம் ஆலயத்துல அப்படி ஒரு வழக்கம் இருந்ததால இல்ல. ஜனவரி 1 ரொம்ப காலம் விருத்தசேதனத் திருவிழாவாவே இருந்துச்சு, 1969 காலண்டர் மாற்றத்துல அது மரியா இறைவனின் தாய் பெருவிழாவா ஆயிடுச்சு.

பிஷப் தொப்பிக்கு வருவோம். யூத முறையில விருத்தசேதனம் பண்ண குருவே தேவையில்ல. பிள்ளையோட அப்பாவோட கடமை அது, அவருக்காக பழக்கப்பட்ட ஒருத்தர் பண்ணுவாரு, அவருக்கு மோஹேல்னு பேரு. குழந்தையை மடியில வச்சுக்கறவர் சந்தாக். பக்கத்துல எலியா தீர்க்கதரிசிக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வைப்பாங்க. ஐரோப்பிய ஓவியருக்கு இது எதுவும் தெரியாது, இல்ல தேவைப்படல. அவருக்குத் தெரிஞ்ச ஒரு பெரிய சடங்கு, குழந்தைக்குப் பேர் வைக்கற சடங்கு, ஞானஸ்நானம். சர்ச்சும் விருத்தசேதனத்தை ஞானஸ்நானத்துக்கு முன்னடையாளம்னுதான் கத்துக்குடுத்துச்சு. அதனால பீடம் வந்துச்சு, பூசை உடுப்பு வந்துச்சு, பழைய ஏற்பாட்டுத் தலைமைக் குருன்னு காட்ட பிஷப் தொப்பியையே எடுத்து மாட்டிவிட்டாங்க.

இன்னொரு காரணமும் உண்டு. இயேசு முதல் முதலா ரத்தம் சிந்தினது அன்னைக்குத்தான், அது பாடுகளோட ஆரம்பம்னு பிரசங்கம் பண்ணுவாங்க. அதோட இயேசுங்கற பேர் வச்ச நாளும் அதுதான், அதனால அந்தப் பேரையே சபைக்கு வச்சுக்கிட்ட இயேசு சபையினருக்கு இந்தக் காட்சி ரொம்ப முக்கியம். ஜெனோவாவுல அவங்க கோவில் பெரிய பீடத்துக்கு ரூபன்ஸ் 1605ல வரைஞ்சது விருத்தசேதனம்தான்.

இந்த வகையில நான் திரும்பத் திரும்பப் பார்க்கற படம் இத்தாலிய ஓவியர் மான்டெஞ்ஞா 1460கள்ல மான்டுவாவுல வரைஞ்சது, இப்ப ஃப்ளோரன்ஸ்ல உஃபிஸி மியூசியத்துல இருக்கு. ரோமானிய அரண்மனை மாதிரி கல்லும் பளிங்குமா ஒரு ஆலயம், மேல ரெண்டு அரைவட்டத்துல சிற்பம் மாதிரி ஈசாக்கு பலியும் மோசேயோட கற்பலகைகளும். ஒருத்தர் தட்டுல சாமானோட நிக்கறாரு, குழந்தை அம்மா பக்கம் திரும்பி ஒட்டிக்கிட்டு இருக்கு. கீழ ஒரு சின்னப் பையன் கையில வட்டமா பண்டம் ஒண்ணை வச்சுக்கிட்டு வாயில விரலோட வேடிக்கை பார்க்கறான், எந்த ஊர் விசேஷ வீட்லயும் பார்க்கற பையன்தான். ஆனா அந்தப் பையன் மட்டும்தான் நிஜ வாழ்க்கையில இருந்து வந்திருக்கான், சடங்கு வரல. இத்தனைக்கும் மான்டுவாவுல யூதர்கள் வாழ்ந்தாங்க, மான்டெஞ்ஞா நினைச்சிருந்தா விசாரிச்சிருக்கலாம். குழந்தையை மரியா வச்சிருக்கறதும் கிறிஸ்தவப் பழக்கம்தான். ஜெர்மனியில 13ஆம் நூற்றாண்டுலயே ரோத்தன்பர்க் ரபி மெயிர், தொழுகைக்கூடத்துல ஆம்பளைங்க நடுவுல பொம்பளைங்க குழந்தையை மடியில வச்சுக்கற வழக்கத்தை எதிர்த்தாரு. அவரு எதிர்த்தாருன்னா அதுக்கு முன்னாடி அந்த வழக்கம் இருந்திருக்குன்னுதானே அர்த்தம், ஆனா மான்டெஞ்ஞாவோட மரியா அதைப் பார்த்து வந்தவங்க இல்ல.

அதே ஊர்ல அதே ஓவியருக்கு யூதர்களோட வேற ஒரு தொடர்பு உண்டு. டேனியேலே நோர்சான்னு ஒரு யூத பேங்கர், வாங்கின வீட்டுச் சுவர்ல இருந்த மாதா படத்தை அனுமதி வாங்கித்தான் அழிச்சாரு. அப்புறம் பிரச்சினை பெருசாகி, அபராதமா அவர் பணத்துலயே மான்டெஞ்ஞாவை வச்சு வெற்றி மாதா ஓவியம் வரைய வச்சாங்க, 1496ல. அவர் வீட்டை இடிச்சு அந்த இடத்துல கோவில் கட்டினாங்க. வேற ஒருத்தர் வரைஞ்ச இன்னொரு படத்துல மாதா காலுக்குக் கீழ நோர்சா குடும்பத்தையே, துணியில யூத அடையாள வட்டத்தோட நிக்க வச்சு வரைஞ்சிருக்காங்க. அது இன்னைக்கும் மான்டுவா சாந்த் ஆந்திரேயா கோவில்ல இருக்கு.

ஆல்ப்ஸுக்கு வடக்கே கதை இன்னும் மோசம். ஜெர்மன் பலகை ஓவியங்கள்ல விருத்தசேதனக் காட்சி போகப் போகக் கொடூரமாகுது, கத்தி பெருசாகுது, சுத்தி நிக்கற முகங்கள் கேலிச்சித்திரம் ஆகுது. இதே அமைப்பு எங்க போய் முடிஞ்சுதுன்னா, 1475ல, இன்னைக்கு வட இத்தாலியில இருக்கற ட்ரென்ட் ஊர்ல, சிமோன்னு ஒரு சின்னக் குழந்தை செத்ததுக்கு, ரத்தத்துக்காக யூதர்கள்தான் கொன்னாங்கன்னு பழி போட்டு, ஊர் யூதர்களைச் சித்திரவதை பண்ணி கொன்னாங்க. 1493ல அச்சான நியூரம்பர்க் வரலாற்று நூல்ல அதுக்கு ஒரு மரக்கட்டைப் படம் இருக்கு. மேசை மேல குழந்தை நிக்குது, சுத்தி யூதர்கள், ஒருத்தர் கத்தியால குழந்தையோட உறுப்புக்கிட்ட அறுக்கறாரு, ரத்தத்தைப் பாத்திரத்துல பிடிக்கறாங்க. படம் பார்க்கற எவனுக்கும் கோவில்ல தினம் பார்த்த இயேசுவோட விருத்தசேதனம் சட்டுனு ஞாபகம் வரும், வரணும்னுதான் அப்படிப் போட்டது. அதாவது ஒரு சடங்கோட படம், அந்தச் சடங்கைச் செய்யற மக்களுக்கு எதிரான சாட்சியா மாறிடுச்சு. நியூரம்பர்க் ஊரும் அடுத்த ஆறு வருஷத்துக்குள்ள தன் யூதர்களை வெளியேத்திடுச்சு. சிமோனுக்குக் குடுத்த வழிபாட்டை சர்ச் நிறுத்தினது 1965ல.

இதுல மாற்றம் எங்கயாவது தெரியுதான்னா, ஆம்ஸ்டர்டாம்ல தெரியுது. ரெம்ப்ராண்ட் 1639ல இருந்து 1658 வரைக்கும் யூதர் அகலத்தெருன்னே பேரு உள்ள தெருவுல குடியிருந்தவரு, சுத்தி ஸ்பெயின் போர்ச்சுகல்ல இருந்து வந்த யூதக் குடும்பங்கள். பெல்ஷாத்சார் விருந்து ஓவியத்துல சுவர்ல தோணற எபிரேய எழுத்தை மேலிருந்து கீழ எழுதியிருக்காரு, அந்த யோசனை பக்கத்துலயே இருந்த ரபி மெனாசே பென் இஸ்ரேல் எழுதின விளக்கத்தோட ஒத்துப் போகுது (ஒரு எழுத்து மட்டும் தப்பா விழுந்திருக்கு). விருத்தசேதனத்தை 1654ல ஒரு எட்சிங்காவும் (செப்புத் தகட்டுல கீறி அச்செடுக்கற படம்) 1661ல பெயின்டிங்காவும் பண்ணாரு, ரெண்டுலயும் மாட்டுத் தொழுவத்துல நடக்குது. பெயின்டிங் வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு. ஆலயம் இல்ல, பீடம் இல்ல. மரியா மடியில குழந்தை, மஞ்சள் உடுப்புல ஒருத்தர் மண்டி போட்டு வேலையைப் பண்றாரு, பக்கத்துல ஒருத்தர் பெரிய நோட்டுல எழுதறாரு, குழந்தையோட பேரைத்தான். லூக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணும் சேர்க்காத படம்னு சொல்லலாம், எட்டாம் நாள், பேர், அவ்ளோதான். சந்தாக் மடியில இருக்க வேண்டிய குழந்தை இங்கயும் அம்மா மடியிலதான் இருக்கு, அதனால இதையும் யூதச் சடங்கோட நேரடிப் பதிவுன்னு எடுத்துக்க முடியாது. ஆனா வெறுப்பு இல்லாம, வேஷம் கட்டாம, ஒரு ஏழைக் குடும்பத்து விசேஷமா அதைப் பார்த்திருக்காரு.

நிஜமா பார்த்து வரைஞ்சது வேணும்னா சர்ச் கலைக்கு வெளிய போகணும். ரோமைன் டி ஹோகன்னு ஒரு டச்சுக் கலைஞர் 1668ல ஆம்ஸ்டர்டாம் செபர்தி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த) யூதக் குடும்பத்துல நடந்த விருத்தசேதனத்தை வரைஞ்ச படம் ரைக்ஸ் மியூசியத்துல இருக்கு, வீட்டுக் கூடம், விருந்தாளிங்க, எல்லாம் சமகாலம். பாஸ்காவுக்கு யூதர்களே வரைஞ்சுக்கிட்டது நிறைய இருக்கு. யோவேல் பென் சிமியோன்னு ஒரு யூத எழுத்தர், ஓவியரும் கூட, ஜெர்மனியிலயும் இத்தாலியிலயும் வேலை பார்த்தவரு, 1478ல ஒரு ஹகடா எழுதி படமும் போட்டிருக்காரு. ஹகடான்னா செடர் ராத்திரி படிக்கற புத்தகம். போட்ஸ் பலகை முடிஞ்சு பத்தே வருஷம். அதுல ஒரு பக்கத்துல கழுதை மேல ஒருத்தர் வீட்டு வாசலுக்கு வர்றாரு, பின்னாடி ஒரு குடும்பமே தொத்திக்கிட்டு வருது, வாசல்ல ஒருத்தர் கையில கோப்பையோட நிக்கறாரு. மீட்பர் வருவாருன்னு அந்த ராத்திரி கதவைத் திறந்து வச்சுக் காத்திருந்தவங்க தங்களை எப்படிப் பார்த்தாங்கன்னு அதுல தெரியுது. வாஷிங்டன் ஹகடான்னு தேடினா அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி சைட்ல முழுசா இலவசமா இருக்கு.

போட்ஸ் ஓவியத்தை நேர்ல பார்க்கணும்னா லூவன் புனித பேதுரு கோவிலுக்கே போகலாம், எந்த இடத்துக்காக வரைஞ்சாரோ அதே கோவில்லதான் இருக்கு. பக்கப்பலகைகள் 19ஆம் நூற்றாண்டுல விலைக்குப் போயி ரெண்டு பெர்லின்லயும் ரெண்டு மியூனிக்லயும் இருந்துச்சு, முதல் உலகப்போர் முடிஞ்சு வெர்சாய் ஒப்பந்தத்தோட 247ஆவது பிரிவுல பேர் சொல்லிக் கேட்டு வாங்கினாங்க. ரெண்டாம் உலகப்போர்ல நாஜிக்கள் மறுபடி எடுத்துட்டுப் போனாங்க, போர் முடிஞ்சதும் திரும்பி வந்துச்சு. போறவங்க பாஸ்கா பலகையையும் ஹகடா பக்கத்தையும் ஃபோன்ல பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க.